கல்லெறி தூரத்து வெளிச்சம்



விளக்கை ஏற்றிக் கட்டிலின் கீழே வைப்பவர் எவருமில்லை என்னும் கருத்தில் நமது ஆண்டவர் பேசியதைப் புனித லூக்காஸ் தம் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் இக்காலத்தில் விளக்கைக் கட்டிலின் கீழே அல்ல, போர்வைக்கு உள்ளேயே வைப்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் கணவன் உறங்குகிறான். மனைவி போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துவிட்டு, உள்ளே போனையோ மின்வாசிப்பானையோ பிடித்துக்கொண்டு வேதாகமம் வாசிக்கிறாள், அல்லது கதைப் புத்தகம் வாசிக்கிறாள். சில வீடுகளில் வாசிப்பவன் கணவன், உறங்குபவள் மனைவி. "சுவாமி, இது பிழையா?" என்று கேட்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டு விடக்கூடிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒரே பாயில் படுக்கும் இருவருள் ஒருவருடைய வெளிச்சத்துக்கு மற்றவர் விலை கொடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால், அது சிறு கேள்வியல்ல.

திருகோணமலையிலிருந்து வடக்கே நிலாவெளியைக் கடந்து குச்சவெளிக்குப் போகும் வீதியில், களப்பு கடலோடு சேரும் இடத்திலே இருக்கிறது இறக்கக்கண்டி. அங்கே ஒரு மீனவ வீட்டை மனக்கண் முன் வைத்துக்கொள்ளுங்கள். கடல் அமைதியாயிருக்கும் மாதங்களில் வீட்டுக்காரன் சாமத்திலேயே எழும்பி எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு கரைக்குப் போய்விடுவான். பள்ளிவாசலில் சுபஹுத் தொழுகைக்கு அழைப்பு எழும்போது அவன் கரை தெரியாத தூரத்தில் இருப்பான். அப்படியானால் அவன் உறங்கவேண்டிய நேரம் எது? இரவு எட்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட அந்தச் சொற்ப நேரந்தான்.

அவன் மனைவிக்கோ, பிள்ளைகள் உறங்கிய பின்னர்தான் தன்னுடைய நேரம் என்று ஒன்று தொடங்குகிறது. பகலில் அவளுக்குப் புத்தகம் ஏது? கிணறு, குசினி, பாடசாலை, மீன் கணக்கு, மாமியாருக்கு மருந்து. இவற்றுக்கிடையில் ஒரு பக்கத்தை முழுதாய் வாசித்து முடித்த பெண் இருந்தால் அவளை நான் வணங்குவேன். எனவே அவன் உறங்கும் நேரமும் அவள் வாசிக்கும் நேரமும் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுகின்றன. இது எவருடைய குற்றமுமல்ல. தொழில் போட்ட கணக்கு.

இப்போது அந்த வீட்டுக்குள்ளே மின்வாசிப்பான் ஒன்று வந்து சேர்கிறது. கனடாவிலோ லண்டனிலோ உள்ள தம்பி, தான் பாவித்ததை அனுப்பிவைக்கிறான். அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் கருவியை 2007ஆம் ஆண்டிலே வெளியிட்டது. 2016இன் முடிவில் அதற்கெனத் தமிழ் நூல்களும் விற்பனைக்கு வந்தன. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தவர்களுக்கு அதன் பாரம் தெரியும். படுத்துக்கொண்டு வாசித்தால் மார்பு வலிக்கும். அதே அளவு எழுத்து இந்தக் கருவிக்குள்ளே ஒரு சிறு சிலேற்றின் பாரத்தில் அடங்கிவிடுகிறது. ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டப்பட்ட நாட்களை மறக்காதவர்களுக்கு இதன் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எல்லாத் திரையும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். போனின் திரை தானே ஒளியை உமிழ்வது. வாசிப்பவர் கண்ணுக்குள்ளும், அவருக்குப் பின்னாலுள்ள சுவரிலும், பக்கத்தில் உறங்குபவரின் இமையிலும் அந்த ஒளி விழும். மின்வாசிப்பானின் தாளோ வேறு வகை. அதனுள்ளே கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகளில் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலே இழுத்தும் கீழே தள்ளியும் எழுத்தாக்குகிறது. அதற்குத் தன் ஒளி கிடையாது. விளிம்பிலுள்ள சிறு விளக்குகள்தான் தாளின்மேல் வெளிச்சம் பரப்புகின்றன; அவற்றை மிக மங்கலாகக் குறைக்கலாம், புதிய கருவிகள் சிலவற்றில் குப்பி விளக்குப் போல மஞ்சளாகவும் மாற்றலாம். 2014ஆம் ஆண்டின் முடிவில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்து வெளியிட்ட முடிவொன்று உண்டு. படுக்கைக்கு முன் நான்கு மணி நேரம் ஒளி உமிழும் திரையில் வாசித்தவர்களுக்கு, அச்சுப் புத்தகம் வாசித்த இரவுகளைவிட, உறக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம் வரையில் பிந்தியது; உறக்கத்தை அழைக்கும் மெலட்டோனின் என்னும் சுரப்பும் குறைந்தது. அது வாசித்தவரின் கதை. வாசிக்காமலே அந்த வெளிச்சத்தை ஏற்கும் பக்கத்துத் தலையணைக்காரரைப் பற்றித்தான் நாம் பேசுகிறோம்.

நமது கரையோரத்தில் உறக்கம் என்பது எல்லா ஊரிலும் உள்ள உறக்கமல்ல. போர்க்காலத்து இரவுகளில் வீட்டுக்குள் சிறு வெளிச்சம் தெரிந்தாலும் அஞ்சி ஊதி அணைத்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. நள்ளிரவில் முகத்துக்கு நேரே டோர்ச் அடிக்கப்பட்டு எழும்பியவர்கள் நம் பங்குகளில் பலர். 2004 மார்கழி 26ஆம் திகதிக்குப் பின்னர், கடலின் இரைச்சல் கொஞ்சம் மாறினாலும் விழித்துக்கொள்பவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்தில் கண்ணயர்ந்திருக்கும்போது திடீரென ஒரு நீல வெளிச்சம் சுவரில் பாய்ந்தால், அவர் உடம்பு அதைப் புத்தகம் என்று எடுத்துக்கொள்ளுமா? காரணம் தெரியாமல் எரிந்து விழுவார். மனைவி தன்னை வாசிக்க விடுகிறானில்லை என்று அழுவாள். இருவருக்கும் நடந்தது என்னவென்று விளங்காது. அரைத் தூக்கத்தில் கடலுக்குப் போகிறவனுக்கு வரக்கூடிய ஆபத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சங்கடம் கிண்டிலோடு பிறந்ததென்று எண்ணவேண்டாம். 6ஆம் நூற்றாண்டிலே இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கு நூலின் 48ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். கோடை காலத்தில் மதிய உணவுக்குப் பின் துறவிகள் அவரவர் படுக்கையில் மௌனமாய் ஓய்வெடுக்கட்டும் என்கிறார். அந்த நேரத்தில் எவராவது வாசிக்க விரும்பினால், மற்றவருடைய அமைதியைக் கெடுக்காத விதத்தில் தனக்கு மட்டும் வாசித்துக்கொள்ளலாம் என்றும் இடங்கொடுக்கிறார். அக்காலத்தில் வாசிப்பது என்றாலே பெரும்பாலும் வாய்விட்டு வாசிப்பதுதான். பக்கத்துப் படுக்கையில் ஒருவர் ஆகமத்தை முணுமுணுத்தால் களைத்தவன் எப்படி உறங்குவது? நூற்றுக்கணக்கான ஆண்டுகள் மேல்நாட்டுத் துறவிகளை வழிநடத்திய அந்த நூலில், படுக்கையில் வாசிப்பவருக்கும் உறங்குபவருக்குமாக ஒரு வரி இருக்கிறது. அந்தப் பெரியவர் வாசிப்பதைத் தடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். உறங்குபவன் சோம்பேறி என்றும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னே, 4ஆம் நூற்றாண்டில், மிலான் நகரத்து ஆயராகிய புனித அம்புரோசியார் வாய் அசையாமல் கண்ணால் மட்டும் வாசிப்பதைக் கண்டு புனித அகுஸ்தீனார் வியந்ததைத் தம் வாழ்க்கை அறிக்கை நூலிலே எழுதியிருக்கிறார். அந்தக் காட்சியில் எனக்குப் பிடித்த பகுதி வேறொன்று. பார்க்க வந்தவர்கள் உள்ளே போய், அவர் வாசிப்பதைக் கண்டு, ஒன்றும் பேசாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அந்த மனிதருக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்தைக் குழப்ப மனமில்லாமல் எழுந்து போய்விடுவார்களாம். வாசிப்பவருக்கும் இப்படி ஒரு மரியாதை உண்டு. நம் வீடுகளில் கணவன் கடலால் வந்து பகலில் உறங்கினால், "அப்பா படுக்கிறார், சத்தம் போடாதேங்கோ" என்று பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்புகிறோம். அது சரி. அம்மா வாசிக்கிறா, சத்தம் போடாதேங்கோ என்று எந்த வீட்டிலாவது எவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நீதிமொழிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் இன்னொரு வேடிக்கையான எச்சரிக்கை உண்டு. விடியற்காலையில் எழும்பி உரத்த குரலில் அயலவனுக்கு ஆசி கூறினால், அது அவனுக்குச் சாபமாகவே படும் என்ற கருத்து அது. நல்ல காரியமும் உறங்குபவனின் காதில் விழும்போது என்னவாகிறது என்பதைச் சாலமோன் காலத்திலேயே அறிந்திருந்தார்கள். (திருவிழாக் காலத்தில் அதிகாலை நாலரை மணிக்கே ஒலிபெருக்கியைத் திறந்துவிடும் எங்கள் பங்குச் சபைகளும் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசித்தால் நன்று. குருமாருக்கும் இது பொருந்தும்.)

ஆனால் இக்காரியத்தில் நான் போய் நிற்கும் இடம் கெத்சமனித் தோட்டந்தான். ஆண்டவர் தம்மோடு கூட்டிப்போன மூவரும், இராயப்பர், யாகப்பர், அருளப்பர், கடற்றொழிலாளர். இரவு வலைபோட்டுப் பழகியவர்களாலும் அந்த இரவு விழித்திருக்க முடியவில்லை. ஆண்டவர் ஒரு கல்லெறி தூரம் தள்ளிப் போய் முழங்காலில் நின்று செபித்தார் என்கிறார் புனித லூக்காஸ். முதல் தரம் வந்தபோது அவர்களை எழுப்பிக் கேள்வி கேட்டார். இரண்டாம் தரம் வந்தபோதும் உறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கண்கள் பாரமாயிருந்தன என்று புனித மத்தேயு காரணமும் எழுதுகிறார். அந்தத் தரம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பிப்போய் மூன்றாம் தரம் செபித்தார். உலகத்தில் எவருக்கும் இல்லாத அவசரம் அவருக்கு அந்த இரவில் இருந்தது. தம்மோடு விழித்திருக்கும்படி கேட்கும் உரிமையும் இருந்தது. ஆயினும் களைத்த மீனவனின் பாரமான கண்ணைக் கண்டு விலகிப்போனார், செபத்தையும் கைவிடவில்லை. கப்பர்நாகூமில் சீமோனின் வீட்டில் தங்கியிருந்தபோதும் அப்படித்தான்: இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் அங்கே செபித்துக்கொண்டிருந்தார், சீமோனும் கூட இருந்தவர்களும் பின்னர்தான் அவரைத் தேடிக்கொண்டு போனார்கள்.

வாசிக்கிற சகோதரியே, உனக்கு அந்தக் கல்லெறி தூரம் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் அது எங்கே என்று கேட்பாய். குசினியில் ஒரு கதிரை போடலாம். விறாந்தையில் இருந்தால் நுளம்பு விடாது என்பது உண்மைதான், வலை ஒன்று கட்டவேண்டும். படுக்கையை விட்டு எழும்ப முடியாது, கைக்குழந்தை கூடப் படுத்திருக்கிறது என்றால், தூரத்தை வேறு வழியில் உண்டாக்கிக்கொள். போனை விட்டு மின்வாசிப்பானையே எடு. வெளிச்சத்தை எழுத்துத் தெரியும் மட்டுக்குக் குறைத்து மஞ்சளாக்கு. உன் முதுகு அவர் பக்கம் இருக்கும்படி திரும்பிப் படுத்தால் உன் உடம்பே அவருக்குத் திரையாகும். கருவியை உயர்த்திப் பிடியாதே. உறக்கம் வந்தால் அது உன் மூக்கிலேதான் விழும். போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு மூச்சுத் திணறவேண்டாம். பகலில் வெளிச்சமாய்ச் செய்யக்கூடிய ஒன்றை இரவில் களவு போலச் செய்யப் பழகுகிறவளுக்குப் புத்தகத்தின்மேலேயே ஒரு குற்ற உணர்வு வந்துவிடுகிறது.

கணவரே, அந்தக் கதிரையையும் வலையையும் ஒழுங்குபண்ணுவது உமது வேலை. "இதை வாசித்து என்ன கிழிக்கப் போகிறாய்" என்ற பேச்சு கட்டிலில் இருந்துதான் பெரும்பாலும் கிளம்புகிறது. அவள் முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்குப் படிக்கிறவளாய் இருக்கலாம், சங்கீதம் வாசிக்கிறவளாய் இருக்கலாம், வெறும் கதை வாசிக்கிறவளாயும் இருக்கலாம். கதை வாசிப்பதற்கும் ஒரு மனுசிக்கு உரிமை உண்டு. கிழமையில் இரண்டு மாலை, பிள்ளைகளை நீர் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனால், அவளுக்குச் சூரிய வெளிச்சத்திலேயே ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த இரவுகளில் உமது இமையிலும் ஒன்றும் விழாது.

கார்த்திகை பிறந்து வாடைக் காற்று எழும்பிவிட்டால் கதை மாறும். படகுகள் கரைக்கு மேலே ஏற்றப்பட்டிருக்கும், சாமத்தில் எழும்பவேண்டிய அவசியமில்லை, மழை கொட்டிக்கொண்டிருக்கும். திருத்தூதர் பணிகளில் எத்தியோப்பிய அதிகாரி தேரில் இருந்து இசையாஸின் ஆகமத்தை வாய்விட்டு வாசித்தபடியால்தான் பிலிப்பு அதைக் கேட்டு, கிட்டப்போய், விளங்குகிறதா என்று விசாரித்தார். அந்த மாதங்களில் ஒரு நாள், வாசிப்பானின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, இத்தனை நாளும் சுவரைப் பார்த்துத் தனியே என்ன வாசித்தாள் என்று அவளிடம் கேட்டுப் பாரும். ஒரு அதிகாரத்தை உரத்து வாசிக்கச் சொல்லும். இடையில் நீர் உறங்கிப்போனாலும் அவள் கோபிக்கமாட்டாள்.