எலும்பு மஜ்ஜையும் அமானிதமும்

கோவை கணபதியில் வார்ப்படப் பட்டறையொன்றில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர், ஜும்ஆவுக்குப் பின் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், அண்ணனுக்கு இரத்தப் புற்றுநோய். என் மஜ்ஜை பொருந்துகிறதாம். அதில் கொஞ்சம் ஆய்வுக்கும் தருவாயா என்கிறார்கள். 'எலும்பைத் துளைத்தால் நீயும் முடமாவாய். உடம்பு அல்லாஹ் தந்த அமானிதமல்லவா?' என்று அம்மா அழுகிறார்."

அந்தத் தாயின் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. மய்யித்தின் எலும்பை முறிப்பதும் உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றதே என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே மஜ்ஜை என்பது என்ன, அதை எப்படி எடுக்கிறார்கள் என்பதை முதலில் அறிவோம்.

எலும்பு உலர்ந்த கட்டையன்று. அதைக் கரைக்கும் அணுக்களும் புதிதாய்க் கட்டும் அணுக்களும் ஆயுள் முழுதும் அதில் உழைக்கின்றன. உள்ளிருக்கும் மஜ்ஜையே இரத்தத்தின் விளைநிலம். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள். அழிவதை ஈடுசெய்ய மஜ்ஜையின் குருத்தணுக்கள் ஓயாமல் புதிய அணுக்களைத் தருகின்றன. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பார்கள். முதுகுத் தண்டைத் தொடுவதில்லை. இப்போது பெரும்பாலும் இரத்தத்திலிருந்தே குருத்தணுக்களைப் பிரித்துக்கொள்கிறார்கள். சில நாள் வலியும் களைப்பும் இருக்கும். இறைத்த கிணறு ஊறுவது போல், கொடுத்த மஜ்ஜை சில வாரங்களில் ஊறிவிடும்.

இரத்தம், தோல் போல மீண்டும் வளர்வதை, பருவமடைந்த தெளிந்த புத்தியுள்ளவர் பிறருக்குத் தரலாம் என்று 1988-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு மன்றம் தீர்மானித்தது. ஓர் உயிரை வாழவைத்தவர் மனித குலம் முழுவதையும் வாழவைத்தவர் போன்றவர் என்பது திருக்குர்ஆன் போதனை. உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. அந்த வாய்ப்பு இந்தத் தம்பிக்குக் கிடைத்திருக்கிறது.

ஆய்வுக்குத் தருவது? மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983-இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தொடங்கியது. இரத்தம் உறையாத பிறவி நோயான ஹீமோஃபிலியா உள்ள 5 பேரின் குருத்தணுக்களை எடுத்து, மரபணுக் குறையை ஈடுசெய்து, அவர்களுக்கே திரும்பச் செலுத்திய வேலூர் ஆய்வின் நற்பலன் 2024 டிசம்பரில் வெளியானது. நோயாளிகள் தம்மை ஆய்வுக்கு ஒப்படைக்காமல் இத்தகைய அறிவு வளராது.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் அண்ணனின் உயிர் கண்ணெதிரே நிற்கிறது. பின்னதன் பலன் யாருக்கென்று தெரியாது. எனவே இரண்டுக்கும் சம்மதத்தைத் தனித்தனியே கேட்க வேண்டும். ஆய்வுக்கு மறுத்தால் அண்ணனின் சிகிச்சைக்குக் குறை வரலாகாது. அமானிதமென்பதால் விலை பேசவும் கூடாது. பெற்றவர்களோ உறவினரோ கட்டாயப்படுத்தி வாங்குவது தானமாகாது, அது பறிப்பு.

தம்பி அண்ணனுக்காகக் கையெழுத்திட்டார். ஆய்வுத்தாளைப் படித்துப் பார்த்துச் சொல்வதாக வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அதுவும் சரியே. அமானிதத்தைச் சுமப்பவர் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

அல்லாஹ் அந்தச் சகோதரர் இருவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக! அவனே யாவும் அறிந்தவன்.