மூன்று முறை செத்த சிறுவன்

தஞ்சைக்குப் பக்கத்தில் ஒரு கிராமப் பள்ளியின் ஆண்டுவிழா. இராசராசனின் படையெடுப்புகளை நாடகமாக நடித்தார்கள். அட்டைக் கத்தி, ஜிகினா ஒட்டிய கிரீடம், தெர்மாகோல் கப்பல். பையன்கள் போதவில்லை. சேரப் படையாக விழுந்து செத்த நால்வரே எழுந்துபோய், தலைப்பாகையை மாற்றிக்கொண்டு பாண்டியப் படையாக வந்து செத்தார்கள். பிறகு ஈழப் படையாகவும் செத்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் பந்தல் அதிரக் கைதட்டல். “நாம் வென்றோம்!” என்று ஒலிபெருக்கி முழங்கியது.

முடிந்ததும் நால்வரில் ஒருவன் ஓடிவந்தான். “மூணு தடவ செத்தேன், பாத்தீங்களா ஐயா?”

பார்த்தேன் தம்பி. அன்றிலிருந்து அந்த ‘நாம்’ என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நாம் வென்றோம் என்றால், வென்றபின் நடந்ததும் நம் கணக்கில்தான் சேரும். கர்நாடகத்து ஹொட்டூரில் 1007ஆம் ஆண்டின் சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று, சோழப் படை நாட்டைச் சூறையாடிப் பெண்களையும் பிள்ளைகளையும் கொன்றது என்கிறது. பகைவன் எழுத்து, மிகையாகவும் இருக்கலாம். நம் எழுத்தையே படிப்போம். சேரனையும் பாண்டியரையும் வென்று கொண்டுவந்த பண்டாரத்திலிருந்து இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பொன் கொடுத்ததை அந்தக் கோயில் கல்லே சொல்கிறது. நெல்லுக்குப் பஞ்சமில்லாத சோழநாட்டுக் கோயிலுக்கு, ஈழத்து ஊர்கள் நெல் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பினார். இராசராசன் அதற்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். சுமார் 20 ஆண்டுகள் கழித்து, 1025இல், அதே கடாரத்தின்மீது அவன் மகனின் கப்பல்கள் பாய்ந்தன.

“அது அந்தக் காலம். எல்லா அரசர்களும் அப்படித்தான்” என்பார்கள். சரி. அப்படியானால் பெருமையும் அந்தக் காலத்தோடு போகட்டும். வாள் மட்டும் நம்முடையது, அதில் வழிந்த இரத்தம் அந்தக் காலத்தினுடையது என்பது என்ன நியாயம்? பெருமையில் பங்கு கேட்பவன் பழியிலும் பங்கு ஏற்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ‘நாம்’ யார்? அதே பெரிய கோயில் கல்வெட்டு, ஊர்களின் நிலக்கணக்கில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று தனித்தனியே பிரித்து எழுதுகிறது. வெற்றிக்குப் பின் அந்தச் சேரியின் எல்லைக்கல் ஓர் அடியாவது நகர்ந்ததா? கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, உழைத்த கூலிக்குக் கூடுதல் நெல் கேட்டுப் போராடிய சேரிக் குடும்பங்களின் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் எரிந்து கரிந்தன. காவிரி பாயும் இதே நெல்மண்ணில்தான். அங்கே ‘நாம்’ யார்? எரித்தவர்களா, எரிந்தவர்களா? இதை எந்தப் பள்ளி மேடையில் நடிக்கிறோம்?

பெரிய கோயிலைப் பார்த்து வியக்காதவனல்ல நான். அந்தக் கல்லைச் செதுக்கிய கைகளுக்கும், வாய்க்கால் வெட்டிய கைகளுக்கும் வாரிசு என்றால் தலைநிமிர்ந்து ஒப்புக்கொள்வேன். கொள்ளைக்கு வாரிசாக மாட்டேன்.

ஆசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அந்த நாடகத்தில், செத்து விழும் பையனுக்கும் ஒரு பெயர் வையுங்கள். அவனைப் பெற்றவள் மேடைக்கு வந்து, அந்தப் பெயரைச் சொல்லி அழட்டும். அதன் பிறகும் கை எழுந்தால் தட்டுங்கள்.