உச்சரிப்புக்கு உரிமையாளர் யார்?

ஆங்கிலத்தில் 'பால்கனி' என்னும் சொல்லில் இன்று முதலசையை அழுத்துகின்றனர். முன்னாளிலோ இரண்டாம் அசையை அழுத்திப் 'பல்கோனி' என்றனர். அழுத்தம் முன்னே நகர்ந்தபோது, கேட்கவே குமட்டுகிறது என்றார் ஆங்கிலக் கவிஞர் சாமுவேல் ராஜர்ஸ். 1855-இல் கவிஞர் மறைந்தார், குமட்டலும் மறைந்தது, மக்கள் நாவில் பிறந்த ஒலியே நிலைத்தது! இன்று பழைய ஒலியை உரைப்பவரையன்றோ நகைப்பர்!

அரண்மனையும் விலக்கன்று. இரண்டாம் எலிசபெத் அரசியாரின் கிறிஸ்துமஸ் உரைகளை ஆராய்ந்தோர், 1950-களில் ஒலித்த அவருடைய உயிரொலிகள் 1980-களில் தென் இங்கிலாந்தின் பொதுவழக்கை நோக்கி நகர்ந்திருந்தன என 2000-இல் காட்டினர். அரசியாரே மக்கள் வழியில் நடந்தார்!

எனவே கேட்கிறோம்: நேற்றைய பிழை இன்றைய முறையாகும் உலகில், நாவின் ஒலிகொண்டு ஒருவன் அறிவை எடைபோடுவது அறமாகுமா? பொருள் விளங்கவே ஒழுங்கு வேண்டும். பிறரை இழிவுபடுத்த அன்று. நாவை நகையாதீர், கருத்தைக் கேட்பீர்!