குந்தி சொன்ன உண்மை

குந்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் பேழையைத்தான் இழுக்கிறார்கள். பெற்ற பிள்ளையை ஆற்றில் விட்டவள் தாயா என்று கேட்கிறார்கள். எனக்கு அது பெரிய குற்றமாகப் படவில்லை. மணமாகாத பெண்; முனிவர் தந்த மந்திரத்தை அறியாமல் சோதித்துப் பார்த்தவள்; ஊர்ப் பழிக்கு அஞ்சினாள்.

மன்னிக்கக் கடினமானது பிற்பாடு அத்தினாபுரத்து அரங்கில் நடந்தது. அர்ச்சுனனுக்கு எதிரே கர்ணன் வில்லோடு நிற்கிறான். உன் குலம் என்ன, தாய் தந்தையர் யார் என்று கிருபர் கேட்கிறார். அவன் தலை கவிழ்கிறது. பதில் சொல்ல வேண்டியவளோ மூர்ச்சையாகி விழுகிறாள். விதுரர் சந்தனநீர் தெளிக்கச் செய்கிறார். கண் விழித்த பிறகும் அவள் வாய் திறக்கவில்லை. அன்று அவள் சிறுமி அல்லவே!

போர் மூளும் தறுவாயில் கங்கைக் கரைக்குப் போய், "நீ என் மகன்" என்கிறாள். நாகக்கணையை மறுமுறை விடாதே என்று வரம் கேட்கவும் வைக்கிறார் வில்லிபுத்தூரார். வியாசரிடம் அது இல்லை. இல்லாவிட்டால் என்ன? நமக்குத் தேவைப்பட்ட நாளில் மட்டும் வெளிவரும் உண்மை பேரம் போலத்தான் ஒலிக்கும். கர்ணன் அதைப் புரிந்துகொண்டான். அர்ச்சுனனைத் தவிர மற்ற நால்வரையும் கொல்வதில்லை, எப்படியும் உனக்கு ஐவர் மிஞ்சுவர் என்று கணக்குத் தீர்த்து அனுப்பினான்.

ஆனாலும் அவளை அந்தக் கரையிலேயே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. போர் முடிந்து, மாண்டவர்களுக்குக் கங்கையில் நீர்க்கடன் நடக்கிறது. கர்ணன் இல்லை. சும்மா இருந்தால் மானம் பிழைத்திருக்கும். அப்போதுதான் அவள், "அவனுக்கும் நீர் இறையுங்கள், அவன் உங்களுக்கு மூத்தவன்" என்கிறாள். இதனால் அவளுக்கு ஒரு காசு ஆதாயமில்லை. பொறுமைக்குப் பெயர் போன தருமபுத்திரனே கொதித்துப்போய், இனிப் பெண்கள் மனத்தில் இரகசியம் தங்காதிருக்கட்டும் என்று சபிக்கிறான். (அந்தச் சாபத்தை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிக்கிறோமே, அது ஒருத்தி வாய் மூடியிருந்ததற்காகப் பிறந்த சாபம் என்பதை யார் நினைக்கிறார்கள்?)

காலம் கடந்து சொன்ன உண்மை யாருக்கு என்று கேட்கலாம். செத்தவன் காதில் அது விழாதுதான். ஆனால் சூதன் மகன் என்று ஏசப்பட்டவனுக்குத் தம்பிமார் கையால் நீர் கிடைத்தது. அதைக் குந்தி தன் பெயரைக் கொடுத்து வாங்கினாள்.

பிறகு பிள்ளைகளின் அரண்மனையிலும் அவள் நிலைக்கவில்லை. நூறு மக்களை இழந்த காந்தாரியின் கையைத் தன் தோளில் தாங்கிக் காட்டுக்கு நடந்தாள். பாண்டவர் கெஞ்சியும் திரும்பவில்லை. அங்கே வியாசரிடம் அவள் மனம் திறந்து பேசியதும் கர்ணனைப் பற்றித்தான்.