ஆர்டர் கிடைக்காத ஊர்கள்

மார்கழி நீங்கலாக, திருமலையில் இரவு நடக்கும் ஏகாந்த சேவையில் பள்ளிகொள்பவர் போக சீனிவாசர். அந்த வெள்ளித் திருமேனியைச் செய்து கொடுத்தவள் பல்லவ குலத்தைச் சேர்ந்த சாமவை என்கிற காடவன் பெருந்தேவி. காலம் 10ஆம் நூற்றாண்டு. கோயில் சுவரிலேயே தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வரிசையில் நின்று சேவித்துவிட்டு இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அவள் பெயர் தெரியும்?

இந்தக் கேள்வியை எனக்குள் போட்டவர் சித்தூர்க்காரர். விற்பனை அதிகாரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு அவர் ‘சார்’. ஓய்வுக்குப் பிறகு சித்தூர், திருப்பதி வட்டாரத்து ஊர்களில் கல்வெட்டுள்ள கோயில்களுக்கு, கூப்பிட்டவர்களையெல்லாம் அழைத்துப் போனார். சம்பளம் கிடையாது. பஸ் கட்டணமும் அவருடையதே. இப்போது அவர் இல்லை.

அவர் அதிகம் போனது குடிமல்லத்துக்கு. தூங்கானை மாட விமானத்தின் கீழே, ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த லிங்கம். அதன் முகப்பில் ஆட்டையும் மழுவையும் ஏந்தி, குள்ளன் ஒருவனின் தோள்மேல் நிற்கும் சிவன். கி.மு. காலத்தது என்று பலர் கணிக்கிறார்கள். பிற்காலத்துக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. 1911 வாக்கில் து. அ. கோபிநாத ராவ் எழுதியதும்தான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் சார் லிங்கத்தின் முன் அதிக நேரம் நிற்க மாட்டார். கல்வெட்டுப் பக்கம் போய், ஊர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, எழுத்து எழுத்தாகத் தமிழில் படித்துத் தெலுங்கில் சொல்வார். “மீ ஊரு பேரு திருவிப்பிரம்பேடு” என்றதும் பிள்ளைகள் முகம் மாறும். தங்கள் ஊருக்கு இன்னொரு பெயர் இருந்தது அவர்களுக்குப் புதுச் செய்தி.

இந்த மண்ணின் சங்கடமே அதுதான். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960இல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. மனிதர்களுக்குக் கோடு கிழித்தார்கள். கல்லுக்குக் கிழிக்க முடியவில்லை. தமிழ்க் கல்வெட்டுகள் அங்கேயே நின்றுவிட்டன, வாசிக்கத் தெரியாத தலைமுறைகளின் நடுவே. திருமலைக் கல்வெட்டுகளைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றவர்கள் படியெடுக்க, தேவஸ்தானம் 1931 முதல் 1938 வரை ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. பெரும் பணி அது. அதனால்தான் சாமவை நமக்குத் தெரிகிறாள். ஆனால் அச்சான தொகுதி நூலகத்தில் இருக்கிறது; கல் ஊரில் இருக்கிறது. இடையில் நடக்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த நடையை அவருக்குக் கற்றுக் கொடுத்தது பழைய வேலைதான் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாதவரின் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கத் தெரியும். எந்த ஊருக்கு எத்தனை மணிக்குக் கடைசி பஸ் என்று தெரியும். வேண்டாம் என்று சொன்னவரிடம் மறுமாதம் அதே சிரிப்போடு போகத் தெரியும். “ஆர்டர் கிடைக்காத ஊருக்கும் போய்த்தான் ஆகணும்ப்பா. நாம போறதை நிறுத்தினா ஊரும் நம்மள மறந்துடும்” என்பார். ஆய்வாளர்களுக்கு அவர்மேல் மனக்குறை இருக்கலாம். அவர் கட்டுரை எழுதியவர் அல்லர், புதிதாக எதையும் கண்டுபிடித்தவரும் அல்லர். கண்டுபிடித்ததை உரியவரிடம் கொண்டு சேர்த்தார். அதைச் சின்ன வேலை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாசித்துச் சொல்ல ஆளில்லாத கல்வெட்டு அந்த ஊருக்கு வெறும் கல்தான். துணி துவைக்கவும் படி கட்டவும் அதைப் பெயர்ப்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. சொந்த ஊரின் பெயர் அதில் இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை பெயர்க்க விடாது.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். கோடு போட்ட நோட்டுகளில் ஊர்ப்பெயரும் கல்வெட்டு வரிகளும் கிறுக்கி வைத்திருப்பார். அவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காலமான பிறகு அந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள்.