பி-17 போடாத கையெழுத்து

கல்யாண மண்டபத்தில் மொய் எழுதும் மேஜையைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்நூறு ரூபாய் கொடுத்தவர் லேசில் நகர மாட்டார். இனிஷியல், ஊர்ப் பெயர் எல்லாம் நோட்டில் சரியாக ஏறிவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போவார். பணம் என்றால் நமக்குப் பெயர் வேண்டும். கொடுத்தவர் பெயரும் வேண்டும், வாங்கியவர் பெயரும் வேண்டும்.

பி.காம். படித்தவர்களுக்கு இந்தப் புத்தி இன்னும் கொஞ்சம் அதிகம். வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் இல்லாத வவுச்சர் வவுச்சரே இல்லை என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். நானும் அதை வேதவாக்காக நம்பிக்கொண்டிருந்தேன். 2006-ம் வருஷம் வரைக்கும்.

பத்திரிகைக்கு வருவதற்கு முன்பு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சங்கத்தின் கணக்கைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். வட மாவட்டம் ஒன்றில், எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் தாங்களே சேர்ந்து நடத்திய சங்கம். ஒற்றை அறை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பீரோ. வருஷத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் மானியம்.

வவுச்சர்களைப் புரட்டினேன். 'பஸ் சார்ஜ் - 84 ரூபாய்.' வாங்கியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பி-17' என்று இருந்தது. அடுத்ததில் 'பி-9'. கட்டு முழுக்க இப்படியே.

"என்னம்மா இது, சினிமா தியேட்டர் சீட் நம்பர் மாதிரி? யார் வாங்கினாங்கன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

செயலாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "சார், இந்தக் கட்டு எத்தனை கை மாறும்னு எனக்குத் தெரியாது. பேர் வெளியே போச்சுன்னா மறுநாளே வீட்டு ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவார். பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல தனியா உட்கார வைப்பாங்க" என்றார்.

நான் விடவில்லை. 'பெறுநர் பெயர், கையொப்பம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு வந்தேன்.

அடுத்த தவணை நின்றுவிடுமே என்ற பயத்தில் அவர்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் கையெழுத்து கேட்டிருக்கிறார்கள். பலர் போட்டார்கள். பி-17 போடவில்லை. கடைசியாக வாங்கிய 84 ரூபாயை, நோட்டும் சில்லறையுமாக மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். பிறகு சங்கத்துக்கு வரவில்லை. அந்த மாதம் மாத்திரை வாங்கவும் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி போனபோதுதான் இது தெரிந்தது. செயலாளர் என்னைத் திட்டவில்லை. "உங்க கணக்கு டேலி ஆயிடுச்சு சார்" என்று மட்டும் சொன்னார்.

84 ரூபாய் என்ன பெரிய பணமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், நம் சென்னையில். கண்டுபிடித்தது டாக்டர் சுனிதி சாலமன் குழு. கூட்டு மருந்து வந்த பிறகும் பல வருஷம் அதன் விலை நம் ஆட்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருந்தது. 2001-ல் சிப்லா கம்பெனி, ஒரு நாள் மருந்தை ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் உள்பட சில அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம்.

மாத்திரை இலவசம்தான். பஸ் இலவசமா? ஒரு நாள் கூலி போனால் யார் தருவார்கள்? இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட வேண்டும். அடிக்கடி விட்டால் கிருமி பழகிவிடும், மருந்து கேட்காமல் போய்விடும். கோடிக்கணக்கில் செலவு செய்து தயாரித்த மருந்து நோயாளியின் வாய்க்குப் போய்ச் சேர, கடைசியில் அந்த 84 ரூபாய்தான் வேண்டியிருக்கிறது. பெரிய திட்டங்களின் பட்ஜெட்டில் கருத்தரங்குக்கு இடம் இருக்கும், பேனருக்கு இடம் இருக்கும். பஸ் டிக்கெட்டுக்கு இடம் தேடினால்தான் கிடைக்காது. சின்ன மானியங்களின் அருமை அங்கேதான் தெரியும்.

"அதுக்காகக் கணக்கே கேட்கக் கூடாதா? எய்ட்ஸ் பேரைச் சொல்லிச் சாப்பிட்டவங்களை நாங்க பார்த்ததில்லையா?" என்று நீங்கள் சண்டைக்கு வருவது தெரிகிறது. நியாயம்தான். பி-17 என்று ஆளே இல்லாமல் ஒரு நம்பரைப் போட்டும் பணம் எடுக்கலாம். அப்படி எடுத்தால் ஏமாறுவது கொடுத்தவர் மட்டுமல்ல, பஸ்ஸுக்குக் காசில்லாமல் நிற்கிற பி-18-ம்தான். ஆகவே 'பாவப்பட்டவங்க, கேட்காதீங்க' என்று விட்டுவிடுவதும் ஒரு விதத்தில் துரோகம்தான்.

கணக்கு வேண்டும். ஆனால், யாருக்குக் காட்ட வேண்டிய கணக்கு அது? நான் தேடிய கையெழுத்து, எங்கோ உட்கார்ந்திருக்கும் கொடையாளியின் திருப்திக்கானது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று உண்மையில் தெரிந்தவர்கள், அந்த ஒற்றை அறைக்கு வந்துபோகிறவர்கள். அவர்களிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தச் சங்கத்தில் பிறகு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நம்பருக்கு உரிய பெயர்கள் ஒரே ஒரு நோட்டில். பீரோவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு பேரிடம் சாவி. மாதாமாதம் உறுப்பினர் கூட்டத்தில் நம்பர் சொல்லிக் கணக்கைச் சத்தமாக வாசிப்பார்கள். வராத பணத்தை வந்ததாக எழுதியிருந்தால் உரியவர் அங்கேயே எழுந்து கேட்கலாம். என் சிவப்பு மையைவிடக் கறாரான தணிக்கை அது.

சட்டம் இந்த இடத்துக்கு வந்துசேர வெகுகாலம் ஆனது. 2017-ல் இயற்றி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் நிலையை நம்பிக்கையின் பேரில் தெரிந்துவைத்திருப்பவர், அவர் சம்மதம் இல்லாமல் பொதுவாக வெளியே சொல்ல முடியாது. வழக்கு என்று வந்தால், உண்மைப் பெயருக்குப் பதிலாகப் புனைபெயரை வைத்து விசாரிக்க கோர்ட்டே உத்தரவிடலாம். ஒரு கோர்ட் ஏற்றுக்கொள்ளக்கூடிய 'பி-17'ஐ ஓர் ஆடிட்டர் ஆபீஸ் பையன் ஏற்க மறுத்தானே என்று நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நாம் எல்லோருமே கொஞ்சம் கொஞ்சம் அந்தப் பையன்தான். ஒரு தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு, வாங்குகிறவரை கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம். ஃபீஸ் கட்ட உதவிவிட்டு, நாலு பேர் முன்னால் நன்றி சொல்ல வைக்கிறோம். கோயில் உண்டியலில் போடும்போது மட்டும் ரசீது கேட்பதில்லை. சாமிமேல் இருக்கும் நம்பிக்கையில் கால்வாசியையாவது இல்லாதவர்கள்மேல் வைத்தால் என்ன குறைந்துவிடும்? அடுத்த முறை உதவும்போது, 'இதற்கு இவர் என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?' என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

பி-17 என்ன ஆனார் என்று கேட்பீர்கள். செயலாளரே நாலு தடவை அவர் வீட்டுக்கு அலைந்து, பேசி, மறுபடி மாத்திரைக்கு அழைத்துப் போனார். அந்த வருஷக் கணக்கை முடிக்கும்போது நான் கட்டு முழுக்கத் தேடினேன். அந்த நாலு பயணத்துக்கு அவர் ஒரு வவுச்சர்கூட எழுதியிருக்கவில்லை.