தொழிலில் மூத்தோர் துணை

புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞனிடம், அனுபவம் மிக்க ஒருவரைக் கலந்து பேசும்படி சொன்னால் பெரும்பாலும் ஒரே மறுமொழிதான் வருகிறது: 'அவர் காலம் வேறு, எங்கள் காலம் வேறு.' அதில் உண்மை இல்லாமல் இல்லை. பேரேடு எழுதி வாணிபம் செய்தவர், கைப்பேசி வழியே பொருள் விற்பவனுக்கு விற்பனை முறையைக் கற்பிக்க இயலாதுதான். ஆயினும் கடன் பட்டவனின் உறக்கமின்மை, கூட்டாளியின் மனமாற்றம், திடீரெனப் பணம் சேரும்போது அறிவை மூடும் மயக்கம் ஆகியவை எந்தக் காலத்திலும் மாறியதில்லை. பெரியவர் அறிந்து வைத்திருப்பது இவற்றைத்தான்.

பம்பாய் நகரம் இந்த மயக்கத்தை ஒருமுறை முழுமையாகக் கண்டது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் போய்ச் சேர முடியாமல் தடைப்பட்டது. இந்தியப் பருத்தியின் விலை விண்ணை எட்டியது. பம்பாயில் குவிந்த பணம் புதிய வங்கிகளாகவும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் கம்பெனிகளாகவும் உருவெடுத்தது. அவற்றின் பங்குகளை வாங்கப் பலரும் முந்தினர். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. பங்குகள் வெறும் காகிதமாயின. வயதில் மூத்த வணிகர்களும் இதில் வீழ்ந்தனர் என்பதை மறந்துவிடலாகாது. தலை நரைத்தது ஒன்றே அனுபவம் ஆகிவிடாது.

அப்போது லண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜி டாடாவுக்கு வயது 26. அவர் கையிலிருந்த மாற்றுண்டியல்கள் மதிப்பிழந்தன. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களைச் சந்தித்து நிலைமையை உள்ளபடி எடுத்துரைத்தார். அந்த நேர்மையை மதித்த அவர்கள், நிறுவனத்தின் கணக்கைத் தீர்க்கும் பொறுப்பை மாதம் 20 பவுன் ஊதியத்தில் அவரிடமே ஒப்படைத்தனர். பம்பாயில் தந்தை நஸர்வான்ஜி குடும்பச் சொத்தை விற்றுக் கடன்களை அடைத்தார். லாபம் ஈட்டும் வழியை நூல்களிலும் கற்கலாம். நஷ்டத்தில் தலைநிமிர்ந்து நிற்பதை, அவ்வாறு நின்றவர் ஒருவரின் அருகிலிருந்தே கற்க முடியும். தந்தையின் அந்த ஒரு செயல் எத்தனையோ அறிவுரைகளுக்கு ஈடு.

இங்கே ஒரு தடை எழுகிறது. மூத்தோர் சொல் எப்போதும் சரியாக இருக்கிறதா? இல்லை என்பதற்கும் ஜாம்ஷெட்ஜியின் வாழ்விலேயே சான்று உண்டு. பருத்தி விளையும் நிலத்துக்கு அருகிலேயே ஆலை அமைய வேண்டும் என்று கருதி அவர் நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். சதுப்பு நிலத்தை மண்ணிட்டு நிரப்பும் பணி நடந்தது. அவ்வூரின் மார்வாடி நிதியாளர் ஒருவர், இவர் பொன்னை மண்ணில் புதைக்கிறார் என்று கூறிக் கடன் தர மறுத்தார். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் 'எம்ப்ரஸ் மில்' திறக்கப்பட்டது. அது செழித்த பின்னர் அதே நிதியாளர், இவர் மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வர்.

அந்த நிதியாளரை அறிவற்றவர் என்று தள்ளிவிடக் கூடாது. கடன் கொடுப்பதில் அவர் தேர்ந்தவராக இருந்திருக்கலாம். ஆலை நடத்துவது அவர் அறிந்த துறை அன்று. எவரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் விவேகம் இருக்கிறது. எதிர்காலம் எப்படி இருக்கும் என்று எந்தப் பெரியவரைக் கேட்டாலும் அவர் ஊகமே சொல்வார். அவர் தடுமாறிய இடம் எது, அப்போது எதைக் கைவிட்டார், எதைக் கைவிடவில்லை என்று கேட்டால் கிடைப்பது அறிவு. (தம் வெற்றிகளை மட்டுமே விவரிக்கும் பெரியவரிடமிருந்து மரியாதையுடன் விடைபெற்றுக்கொள்வது நல்லது.)

திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் அதிகாரம் பொருட்பாலில் அரசனுக்கு உரிய பண்புகளைக் கூறும் பகுதியில் அமைந்திருக்கிறது. முடிவெடுக்கும் பொறுப்பைத் துறக்க முடியாதவனுக்கே இது சொல்லப்பட்டது. பெரியாரைத் துணையாகக் கொள்பவன் தன் பொறுப்பை அவர் தோளுக்கு மாற்றுவதில்லை. இளைஞர்கள் பலர் அறிவுரை கேட்க அஞ்சுவது, கேட்டால் கீழ்ப்படிய வேண்டியிருக்கும் என்று எண்ணுவதால்தான். அந்த அச்சம் தேவையற்றது.

கேட்டும் பயன்பெறாத ஒருவன் மகாபாரதத்தில் இருக்கிறான். உறக்கம் வராத இரவில் திருதராஷ்டிரன் விதுரனை அழைத்து நீதியுரை கேட்டான். விதுரன் ஒளிக்காமல் கூறினான். மன்னனும் அவை சரியானவையே என்று ஏற்றான். ஆனால் மகன்மேல் கொண்ட பற்று அவனை விடவில்லை. முடிவை முன்பே எடுத்துவிட்டு ஆசி பெறுவதற்காகப் பெரியவரிடம் செல்லும் இளைஞனும் இதையே செய்கிறான். சரியில்லாத கணக்கை மறைத்துக்கொண்டு அறிவுரை கேட்பவனோ மருத்துவரிடம் நோயை மறைப்பவனாகிறான். அவன் பணயம் வைப்பது தன் பணத்தை மட்டுமன்று. தந்தையின் ஓய்வூதியமும், அவனை நம்பி வேலைக்கு வந்தவர்களின் மாதச் சம்பளமும் அதில் இருக்கின்றன.

அறிந்தவரை அணுகுவதற்குப் பணிதல், வினவுதல், தொண்டு ஆகிய மூன்றைக் கீதை குறிப்பிடுகிறது. பணிவை வலியுறுத்தும் இல்லங்களில் வினவுதல் மறைந்துவிடுகிறது. வினவுதலைப் போற்றும் கல்லூரிகளில் மற்ற இரண்டும் மறைந்துவிடுகின்றன. 1902-இல், 63 வயதில், உருக்காலை பற்றி அறிய ஜாம்ஷெட்ஜி அமெரிக்கா சென்றபோது மூன்றும் அவரிடம் இருந்தன. பெரும் தொழிலதிபராகிவிட்ட பின்னும் தம்மைவிட இளைய பொறியாளர்களிடம் கேட்டு அறிவதை அவர் குறைவாக எண்ணவில்லை.

1925-ஆம் ஆண்டின் இறுதியில் அதே குழுமத்தில் சம்பளமில்லாப் பயிற்சியாளராகச் சேர்ந்தார், 21 வயது ஜே.ஆர்.டி. டாடா. கல்லூரிப் படிப்பு அவருக்குக் கிட்டவில்லை. முன்னாள் ஐ.சி.எஸ். அதிகாரியான ஜான் பீட்டர்சனின் அறையிலேயே அவருக்கு ஒரு மேசை போடப்பட்டது. பீட்டர்சனுக்குச் செல்லும் கோப்புகள் அந்த மேசையைக் கடந்தே சென்றன. ஒரு சிக்கலை மூத்தவர் எப்படி அவிழ்க்கிறார் என்பதை இளைஞர் நாள்தோறும் கண்டார். சில ஆண்டுகள் கழித்து, நெவில் வின்சென்ட் என்ற விமானியுடன் இணைந்து விமானத் தபால் சேவை தொடங்கும் திட்டத்தை ஜே.ஆர்.டி. முன்வைத்தார். குழுமத்தின் தலைவர் சர் தோராப்ஜி டாடா தயங்கினார். அவரிடம் இளைஞருக்காகப் பரிந்து பேசிச் சம்மதம் பெற்றுத் தந்தவர் பீட்டர்சன். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. தாமே விமானத்தை ஓட்டிக் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு சென்றார்.